லுவாவில் லோக்கல் மாறியை அறிவிப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

லுவா மொழியில் ஒரு மாறியை அறிவிக்க மறந்துவிட்டால் கணினி உங்களிடம் எதுவும் சொல்லாது. சி, ஜாவா போன்ற மொழிகளில் அறிவிக்காத பெயரைக் கண்டதும் கம்பைலர் அந்த வரியைச் சுட்டிக்காட்டி நிறுத்திவிடும். லுவாவோ அந்தப் பெயரை நிரல் முழுமைக்கும் பொதுவான குளோபல் மாறியாக எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் வேலையைத் தொடரும். அதன் விளைவு வேறெங்கோ ஒரு ஃபங்ஷனில், சில நேரங்களில் பல நாள் கழித்துத்தான் வெளிப்படும். ஆகவே நிரலின் ஒரு பகுதிக்குள் மட்டும் செல்லுபடியாகும் லோக்கல் மாறியை அறிவிக்கும் முறையை இலக்கணத்தில் ஒரு சிறு பாடமாகப் படித்துவிட்டுக் கடந்துபோகாமல், விரல்களுக்கே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பேன்.

லுவா 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராபர்ட்டோ இயருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகுயரிடோ, வால்டெமர் செலஸ் ஆகிய மூவரும் அதை உருவாக்கினார்கள். அதற்கு முன் அதே குழுவிடம் சோல் என்றொரு சிறு மொழி இருந்தது. போர்த்துக்கீசிய மொழியில் சோல் என்றால் சூரியன், லுவா என்றால் நிலவு. இன்று விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களுக்குப் பின்னால் இயங்கும் தொகுதிகள், ரெடிஸ் தரவுத்தளத்துக்கான சிறு நிரல்கள், நியோவிம் எடிட்டரின் அமைப்புக் கோப்புகள், எண்ணற்ற கணினி விளையாட்டுகள் என்று பல இடங்களில் அதைக் காணலாம்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் நிரல்வரிகளையும் தமிழ் எழுத்திலேயே ஒலிப்படி தருகிறேன். கணினியில் தட்டும்போது லோக்கல், ஃபங்ஷன், எண்ட் முதலிய மொழிச்சொற்களையும் மாறிகளின் பெயர்களையும் ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். லுவா 5.4 மாறிப் பெயராக ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். தமிழில் பெயர் வைத்துப் பார்த்தால், பெயர் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 224 என்ற ஏதோவொன்று வந்திருப்பதாக ஒரு விசித்திரமான பிழைச்செய்தி வரும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் 224 என்ற பைட்டில்தான் தொடங்குகிறது. லுவா திகைத்து நிற்பது அந்த முதல் பைட்டிலேயே. மேற்கோள் குறிகளுக்குள் வரும் உரையில் தமிழை எழுதத் தடையேதும் இல்லை.

முதல் படி: எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்

முனையத்தைத் திறந்து, லுவா என்ற கட்டளையோடு ஒரு கழித்தல் குறியும் வி என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டினால் பதிப்பு எண் தெரியும். 5.4 இருந்தால் இக்கட்டுரையில் வரும் அனைத்தையும் செய்து பார்க்கலாம். 5.1 மட்டுமே கிடைக்கும் சூழல்களும் உண்டு. விக்கிப்பீடியாவும் ரெடிஸும் 5.1 பதிப்பைப் பயன்படுத்துகின்றன, நியோவிம் 5.1ஐ ஒட்டிய லுவாஜிட்டைப் பயன்படுத்துகிறது. அங்கே ஏழாம் படியில் வருபவை வேலை செய்யாது.

இரண்டாம் படி: அறிவிப்பின் வடிவம்

ஒரு லோக்கல் மாறியை அறிவிக்க மூன்று உறுப்புகள் போதும்: லோக்கல் என்ற மொழிச்சொல், மாறியின் பெயர், விரும்பினால் சமக்குறியும் மதிப்பும்.

    லோக்கல் நீளம் = 12
    லோக்கல் தலைப்பு = "மாத அறிக்கை"
    லோக்கல் முடிவு

மாறியின் வகையைக் குறிப்பிட வேண்டியதில்லை. லுவாவில் வகை என்பது மதிப்புக்கு உரியதே தவிர, பெயருக்கு உரியதன்று. மூன்றாம் வரியில் மதிப்பு எதுவும் தரப்படாததால் முடிவு என்ற மாறியில், மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நில் இருக்கும். வரியின் இறுதியில் அரைப்புள்ளி இட்டாலும் தவறில்லை, இடாவிட்டாலும் தவறில்லை. லுவா பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கருதும் மொழி என்பதால், லோக்கல் என்ற சொல்லின் ஐந்து எழுத்துகளையும் சிறிய எழுத்திலேயே தட்ட வேண்டும். முதல் எழுத்தைப் பெரியதாகத் தட்டிவிட்டால் லுவா அதையே ஒரு மாறிப் பெயராக நினைத்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்கு அருகே இலக்கணப் பிழை என்று சொல்லும்.

ஒரே வரியில் பல மாறிகளை அறிவிக்கும்போது பெயர்கள் எல்லாம் சமக்குறியின் இடப்பக்கமும் மதிப்புகள் எல்லாம் வலப்பக்கமும் வர வேண்டும்.

    லோக்கல் நீளம், அகலம் = 12, 8

சி மொழியிலிருந்து வருபவர்கள் பழக்கத்தில் லோக்கல் நீளம் = 12, அகலம் = 8 என்று எழுதிவிடுவார்கள். லுவா இதை எப்படிப் படிக்கும் என்று பாருங்கள்: நீளம் என்ற ஒரே ஒரு மாறி, அதற்கு 12, அகலம் என்று இரண்டு மதிப்புகள். அதுவரை அதற்கு ஒரு குறையும் தெரியாது. அடுத்து வரும் இரண்டாவது சமக்குறியில்தான் முட்டிக்கொண்டு, அந்தக் குறிக்கு அருகே எதிர்பாராத குறியீடு என்று சொல்லும்.

மதிப்புகள் குறைந்தால் மிஞ்சும் பெயர்களில் நில் அமரும். மதிப்புகள் மிகுந்தால் கூடுதலானவை ஓசையின்றிக் கைவிடப்படும். வலப்பக்கத்தின் கடைசியில் ஒரு ஃபங்ஷன் அழைப்பு இருந்தால் அது திருப்பித் தரும் எல்லா மதிப்புகளும் வரிசையாகப் பெயர்களில் சென்று சேரும். கோப்பைத் திறக்கும் ஐஓ.ஓப்பன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு:

    லோக்கல் கோப்பு, பிழை = ஐஓ.ஓப்பன்("தரவு.டெக்ஸ்ட்")

திறக்க முடிந்தால் கோப்பு என்ற மாறியில் கோப்பும் பிழை என்ற மாறியில் நில்லும் இருக்கும். திறக்க முடியாவிட்டால் கோப்பில் நில்லும், பிழையில் காரணத்தைச் சொல்லும் உரையும் இருக்கும். அதே அழைப்பு கடைசியில் இல்லாமல் நடுவில் வந்தாலோ, தனியே அடைப்புக்குறிக்குள் வைக்கப்பட்டாலோ அதன் முதல் மதிப்பு மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும்.

மூன்றாம் படி: அறிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பாருங்கள்

நான் லுவா கற்கத் தொடங்கியபோது ஒரு மாலைப் பொழுதை முழுதாகத் தின்ற நிரலை இங்கே சுருக்கித் தருகிறேன். நட்சத்திரக் குறிகளால் ஒரு கோடு வரையும் ஃபங்ஷன் ஒன்று. அதை ஐந்து முறை அழைக்கும் சுழல் ஒன்று.

    ஃபங்ஷன் கோடு(நீளம்)
      சுற்று = 1
      வைல் சுற்று <= நீளம் டூ
        ஐஓ.ரைட்("*")
        சுற்று = சுற்று + 1
      எண்ட்
      பிரிண்ட்()
    எண்ட்

    சுற்று = 1
    வைல் சுற்று <= 5 டூ
      கோடு(4)
      சுற்று = சுற்று + 1
    எண்ட்

ஐந்து கோடுகள் வர வேண்டும். நான்கு நட்சத்திரங்கள் கொண்ட ஒரே ஒரு கோடு வந்து நிரல் முடிந்துவிட்டது. சுழலில்தான் பிழை என்று நினைத்து அதையே திருப்பித் திருப்பிப் படித்தேன். பிறகு கோடு(4) என்பதைக் கோடு(3) என்று மாற்றிப் பார்த்தபோது திரை நிற்காமல் ஓடத் தொடங்கியது.

காரணம் எளியது. சுற்று என்ற பெயரை எங்கும் அறிவிக்கவில்லை என்பதால், ஃபங்ஷனுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே குளோபல் மாறி. நீளம் 4 என்றால், உள்ளே இருக்கும் சுழல் முடியும்போது சுற்றின் மதிப்பு 5. வெளியே வந்ததும் ஒன்று கூட்டப்பட்டு 6 ஆகிறது. ஆறு ஐந்தைவிடப் பெரியது, எனவே வெளிச்சுழல் அத்துடன் முடிகிறது. நீளம் 3 என்றால், உள்ளிருந்து வெளிவரும்போது 4, ஒன்று கூட்டினால் 5. ஐந்து இன்னும் வரம்புக்குள் இருப்பதால் மீண்டும் கோடு அழைக்கப்படுகிறது, அது மறுபடி 1இலிருந்து தொடங்கி 4இல் விட்டுச்செல்கிறது, மறுபடி 5. இதற்கு முடிவே கிடையாது.

ஃபங்ஷனின் முதல் வரியை லோக்கல் சுற்று = 1 என்று திருத்தினால் போதும், ஐந்து கோடுகள் ஒழுங்காக வரும். அடுத்த வரிகளில் சுற்று = சுற்று + 1 என்று வரும் இடத்தில் லோக்கல் போடக் கூடாது. அறிவிப்பது ஒரு முறை. அதன்பின் மதிப்பை மாற்றுவதெல்லாம் வெறும் சமக்குறியால்தான். கூட்டும் வரியிலும் லோக்கலைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே ஒரு புதிய மாறி பிறந்து மடியும், வெளியே இருப்பது 1இலேயே நிற்கும், சுழல் முடியாது. மறதியின் வலி தெரிந்தவர் அடுத்த நாள் செய்யும் பிழை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எழுத்துப்பிழையும் இதே கதைதான். மொத்தம் என்று அறிவித்துவிட்டு வேறோரிடத்தில் ஓர் எழுத்தை விட்டுத் தட்டினால், அந்தக் குறைப்பெயரில் ஒரு குளோபல் மாறி உருவாகும். உங்கள் மொத்தமோ ஏறாமல் அப்படியே நிற்கும்.

நான்காம் படி: பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

இந்தப் படியில்தான் நீங்கள் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு லோக்கல் மாறியின் எல்லை, அதை அறிவித்த கூற்று முடிந்த பிறகு தொடங்குகிறது. அந்த அறிவிப்பை உள்ளடக்கிய மிக நெருங்கிய பிளாக் முடியும் இடத்தில் முடிகிறது. பிளாக் என்பது ஃபங்ஷனின் உடலாக இருக்கலாம், இஃப் கூற்றின் ஒரு கிளையாக இருக்கலாம், சுழலின் உட்பகுதியாக இருக்கலாம், டூ என்று தொடங்கி எண்ட் என்று முடியும் வெறும் பகுதியாக இருக்கலாம், ஒரு கோப்பு முழுவதுமாகவும் இருக்கலாம்.

எல்லை முடியும் இடத்தை மறப்பவர்கள் இப்படி எழுதுவார்கள்:

    இஃப் மதிப்பெண் >= 35 தென்
      லோக்கல் முடிவு = "தேர்ச்சி"
    எல்ஸ்
      லோக்கல் முடிவு = "தேர்ச்சி இல்லை"
    எண்ட்
    பிரிண்ட்(முடிவு)

அச்சாவது நில். தென் என்பதற்கும் எல்ஸ் என்பதற்கும் இடையே ஒரு பிளாக், எல்ஸ் என்பதற்கும் எண்ட் என்பதற்கும் இடையே இன்னொரு பிளாக்; இரண்டிலும் பிறந்த முடிவு அங்கங்கேயே முடிந்துவிட்டது. கடைசி வரி கேட்பது முடிவு என்ற குளோபல் மாறியை. அப்படி ஒன்று இல்லாததால் நில். இஃப்புக்கு முன்னால் லோக்கல் முடிவு என்று மதிப்பின்றி அறிவித்துவிட்டு, கிளைகளுக்குள் லோக்கல் என்ற சொல் இல்லாமல் மதிப்பை மட்டும் இட வேண்டும். முன்னால் அறிவித்த பிறகும் கிளைகளுக்குள் லோக்கலை நீக்க மறந்தால் அப்போதும் நில்தான் அச்சாகும். உள்ளே பிறந்த புது மாறி வெளியே உள்ளதை மறைத்துக்கொண்டு நின்றதால் வெளியே இருப்பது தொடப்படவே இல்லை.

எல்லை தொடங்கும் இடமும் அதே அளவுக்கு முக்கியமானது. லோக்கல் பிரிண்ட் = பிரிண்ட் என்ற வரியைப் பிறருடைய நிரல்களின் தலையில் பார்த்திருப்பீர்கள். வலப்பக்கத்தில் உள்ள பெயர் படிக்கப்படும்போது புதிய மாறியின் எல்லை இன்னும் தொடங்கவில்லை. எனவே வலப்பக்கம் குறிப்பது பழைய குளோபலை, இடப்பக்கம் குறிப்பது புதிய லோக்கலை. லோக்கல் மாறிகளை லுவா ஃபங்ஷனின் ரெஜிஸ்டர்களில், அதாவது நேரடியாக எட்டும் இடங்களில், வைத்திருக்கும். குளோபல் மாறிகளை ஒவ்வொரு முறையும் ஒரு டேபிளில், அதாவது பெயர்களையும் அவற்றுக்குரிய மதிப்புகளையும் சேர்த்து வைக்கும் பட்டியலில், பெயரைக் கொண்டு தேடும். அடிக்கடி அழைக்கும் ஃபங்ஷனுக்கு இப்படி லோக்கல் பெயர் இடுவது அதனால்தான். ஆனால் புதியவர்கள் வேகத்துக்காக இதைச் செய்ய வேண்டாம். சரியாக ஓடும் நிரல் கையில் வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரே பிளாக்கில் ஒரே பெயரை இரு முறை அறிவித்தாலும் லுவா மறுக்காது. அது பழைய மாறிக்கு மதிப்பை மாற்றுவதன்று. அதே பெயரில் இரண்டாவது மாறி ஒன்று பிறக்கிறது, அதற்குப் பின் அந்தப் பெயர் புதியதையே குறிக்கும். படிப்பவருக்குக் குழப்பம் தரும் இப்பழக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஊடாடு முனையத்தில், அதாவது தட்டும் வரியை உடனே இயக்கி விடை காட்டும் லுவாவின் திரையில், கற்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. லோக்கல் நீளம் = 12 என்று தட்டி எண்டர் அழுத்திவிட்டு, அடுத்த வரியில் நீளம் என்று கேட்டால் நில் என்று விடை வரும். முனையத்தில் தட்டும் ஒவ்வொரு வரியும் தனித்தனித் துண்டாகக் கருதப்படுவதால் மாறியின் எல்லை அந்த வரியோடு முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதலாம், அல்லது டூ என்று தொடங்கி எண்ட் தட்டும் வரை பல வரிகளாக எழுதலாம். கோப்பில் எழுதி ஓட்டிப் பழகுவது இரண்டையும்விட மேல்.

ஐந்தாம் படி: சுழல்களிலும் அளவுருக்களிலும்

ஃபார் சுழலின் எண்ணும் மாறிக்கு லோக்கல் போட வேண்டியதில்லை. அது தானாகவே அந்தச் சுழலுக்கு உரிய லோக்கல் மாறி. ஃபங்ஷனின் அளவுருக்களும் அப்படியே. சுழல் முடிந்த பிறகு எண்ணும் மாறியின் கடைசி மதிப்பு வேண்டுமானால், சுழலுக்கு வெளியே முன்பே அறிவித்த வேறொரு மாறியில் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுழலுக்குள் எண்ணும் மாறியின் மதிப்பை மாற்றக் கூடாது.

ரிப்பீட் சுழலில் ஒரு சலுகை உண்டு. உள்ளே அறிவித்த லோக்கல் மாறியை அன்டில் என்பதற்குப் பின்னால் வரும் நிபந்தனையிலும் பயன்படுத்தலாம். பிளாக் அந்த நிபந்தனைக்குப் பிறகே முடிகிறது.

    ரிப்பீட்
      லோக்கல் வரி = ஐஓ.ரீட்()
    அன்டில் வரி == நில் ஆர் வரி == "போதும்"

ஆறாம் படி: ஃபங்ஷன்களையும் லோக்கலாக அறிவியுங்கள்

லுவாவில் ஃபங்ஷனும் ஒரு மதிப்புதான். ஆகவே ஃபங்ஷன் கோடு(நீளம்) என்று எழுதும்போது உண்மையில் கோடு என்ற மாறியில் ஒரு ஃபங்ஷனை இடுகிறீர்கள். அந்த மாறியும் அறிவிக்கப்படாவிட்டால் குளோபல்தான். லோக்கல் ஃபங்ஷன் கோடு(நீளம்) என்று தொடங்கினால் அது அந்தக் கோப்புக்குள் அடங்கும்.

இங்கே ஒத்ததுபோல் தோன்றும் இரண்டு வடிவங்கள் உண்டு. தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷனில்தான் வேறுபாடு வெளிப்படும்.

    லோக்கல் பெருக்கு = ஃபங்ஷன்(எ)
      இஃப் எ < 2 தென் ரிட்டர்ன் 1 எண்ட்
      ரிட்டர்ன் எ * பெருக்கு(எ - 1)
    எண்ட்

பெருக்கு(1) என்று அழைத்தால் 1 வரும். பெருக்கு(5) என்று அழைத்தால், பெருக்கு என்ற குளோபலில் நில் இருக்கிறது, நில்லை அழைக்க முடியாது என்ற பிழை வரும். நான்காம் படியில் சொன்னதை நினைவுகூருங்கள்: சமக்குறியின் வலப்பக்கம் படிக்கப்படும்போது இடப்பக்கப் பெயரின் எல்லை தொடங்கியிருக்காது. ஃபங்ஷனின் உடல் முழுவதும் வலப்பக்கத்தில் இருப்பதால், உள்ளே வரும் பெருக்கு என்ற சொல் வெளியே இருக்கும் குளோபலைத் தேடுகிறது. முதல் வரியை லோக்கல் ஃபங்ஷன் பெருக்கு(எ) என்று மாற்றினால், லுவா முதலில் பெயரை அறிவித்துவிட்டுப் பிறகு உடலைப் படிக்கும். 120 என்று சரியான விடை வரும்.

ஒன்றையொன்று அழைக்கும் இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தால் இவ்வடிவமும் போதாது, ஏனெனில் முதலாவதன் உடல் படிக்கப்படும்போது இரண்டாவதன் பெயர் பிறந்திருக்காது. அப்போது இரண்டாவதன் பெயரை மட்டும் மேலே அறிவித்துவிட வேண்டும்.

    லோக்கல் இரட்டையா

    லோக்கல் ஃபங்ஷன் ஒற்றையா(எ)
      இஃப் எ == 0 தென் ரிட்டர்ன் ஃபால்ஸ் எண்ட்
      ரிட்டர்ன் இரட்டையா(எ - 1)
    எண்ட்

    ஃபங்ஷன் இரட்டையா(எ)
      இஃப் எ == 0 தென் ரிட்டர்ன் ட்ரூ எண்ட்
      ரிட்டர்ன் ஒற்றையா(எ - 1)
    எண்ட்

மூன்றாவது பகுதியில் லோக்கல் இல்லாததைக் கவனியுங்கள். மேலே அறிவித்த லோக்கல் பெயரிலேயே இந்த ஃபங்ஷன் சென்று அமர்கிறது. குளோபல் எதுவும் உருவாவதில்லை. இங்கே பழக்கதோஷத்தில் லோக்கலைச் சேர்த்துவிட்டால் புதிதாக இன்னோர் இரட்டையா பிறக்கும், ஒற்றையா பார்க்கும் பழையதில் நில் அப்படியே கிடக்கும்.

ஏழாம் படி: மாறாத மாறிகளும் தானே மூடிக்கொள்ளும் மாறிகளும்

2020 ஜூனில் வெளியான 5.4 பதிப்பில், பெயருக்குப் பின்னால் கோண அடைப்புக்குள் ஒரு பண்பைச் சேர்க்கும் வசதி வந்தது.

    லோக்கல் உச்சவரம்பு <கான்ஸ்ட்> = 100

இதற்குப் பின் எங்கேனும் உச்சவரம்பு = 200 என்று எழுதினால், மாறிலிக்கு மதிப்பிட முயன்றதாக நிரல் ஓடத் தொடங்கும் முன்பே பிழை வரும். காக்கப்படுவது பெயர் மட்டுமே. அந்தப் பெயரில் ஒரு டேபிள் இருந்தால் அதன் உள்ளடக்கத்தைத் தாராளமாக மாற்றலாம். பண்பு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே வர வேண்டும்.

க்ளோஸ் என்ற இன்னொரு பண்பு, மாறியின் எல்லை முடியும்போது அதிலுள்ள மதிப்பை மூடிவிடும். பிளாக் இயல்பாக முடிந்தாலும், பிரேக் அல்லது ரிட்டர்ன் மூலம் வெளியேறினாலும், பிழையால் குலைந்தாலும் மூடுவது நடக்கும். கோப்புகளுக்கு இது மிகவும் உதவும்:

    லோக்கல் கோப்பு <க்ளோஸ்> = ஐஓ.ஓப்பன்("தரவு.டெக்ஸ்ட்")

கோப்பு திறக்காமல் நில் வந்தாலும் இந்த வரி தடுமாறாது. நில்லுக்கு மூட எதுவும் இல்லை என்று விட்டுவிடும். ஓர் அறிவிப்பில் ஒரு பெயருக்கு மட்டுமே க்ளோஸ் பண்பைத் தரலாம்.

எட்டாம் படி: தப்பிய குளோபல்களைப் பிடியுங்கள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில தப்பும். கண்ணை நம்பாமல் கருவியை நம்புங்கள். நிரலின் முதல் வரிகளாக இந்தக் காவலை வைக்கலாம்:

    செட்மெட்டாடேபிள்(_ஜி, {
      __நியூஇண்டெக்ஸ் = ஃபங்ஷன்(_, பெயர்)
        எரர்("அறிவிக்காத மாறி: " .. பெயர், 2)
      எண்ட்
    })

குளோபல் மாறிகள் எல்லாம் _ஜி என்ற டேபிளில் வசிக்கின்றன. அதில் இல்லாத புதிய பெயரை எழுத முயன்றவுடன் இந்தக் காவல் நிரலை நிறுத்தி, எந்தப் பெயர், எந்த வரி என்று சொல்லிவிடும். இறுதியில் உள்ள 2 என்ற எண், பிழையைக் காவல் இருக்கும் வரியின் மீது சுமத்தாமல் மதிப்பிட்ட வரியின் மீது சுமத்துவதற்காக இடப்பட்டது. காவலுக்குப் பிறகு குளோபல் ஃபங்ஷன்களையும் உருவாக்க முடியாது என்பதால் ஆறாம் படி தானாகவே கட்டாயமாகிவிடும். மூன்றாம் படியிலுள்ள நட்சத்திர நிரலின் தலையில் இதை வைத்து ஓட்டிப் பாருங்கள்: முதலில் கோடு என்ற ஃபங்ஷன் அகப்படும், அதை லோக்கலாக்கிய பிறகு சுற்று அகப்படும். என் மாலைப் பொழுது இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இக்காவல் ஓடும் வரிகளை மட்டுமே பார்க்கும். அன்று ஓடாத கிளையில் இருக்கும் பிழையை அது அறியாது. ஓடவிடாமலேயே சோதிக்க லுவாசெக் என்ற கருவி இருக்கிறது. அறிவிக்காத பெயர்களையும், அறிவித்துப் பயன்படுத்தாத மாறிகளையும், ஒன்றையொன்று மறைக்கும் பெயர்களையும் வரி எண்ணோடு பட்டியலிடும். அதை நிறுவ வழியில்லாத இடத்தில், லுவாவோடு வரும் லுவாக் என்ற கம்பைலரை எல் என்ற விருப்பத்தோடு இயக்கினால் நிரலின் உட்கட்டளைகள் தெரியும், 5.4இல் செட்டேப்அப் என்று தொடங்கி அடிக்கோடு என்வ் என்ற குறிப்போடு வரும் ஒவ்வொரு வரியும் ஒரு குளோபல் எழுதப்படும் இடம்.

மிகப் பெரிய கோப்புகளில் எதிர்த்திசையிலும் ஓர் எல்லை உண்டு. ஒரு ஃபங்ஷனில் ஒரே நேரத்தில் 200 லோக்கல் மாறிகளுக்கு மேல் இருக்க முடியாது. கோப்பின் மேல்மட்டமும் லுவாவுக்கு ஒரு ஃபங்ஷனே. அந்தப் பிழையைச் சந்தித்தால், தொடர்புடைய மாறிகளை ஒரு டேபிளுக்குள் சேர்த்து வையுங்கள், அல்லது சிறிது நேரம் மட்டும் தேவைப்படுபவற்றை டூ, எண்ட் பிளாக்குக்குள் அடக்குங்கள்.

ஏற்கெனவே எழுதிய பழைய கோப்பில் லோக்கலைச் சேர்க்கும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். ஒரு பெயரை எடுங்கள், அதை வேறு கோப்புகள் பயன்படுத்துகின்றனவா என்று தேடிப் பாருங்கள், இல்லையென்று தெரிந்த பின் அறிவியுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்த பெயருக்குச் செல்லுங்கள். அறிவிப்பை வைக்கும் இடமும் முக்கியம்: அந்தப் பெயரைப் பயன்படுத்தும் ஃபங்ஷன் மேலேயும் உங்கள் அறிவிப்பு அதற்குக் கீழேயும் இருந்தால், ஃபங்ஷன் தொடர்ந்து பழைய குளோபலையே பார்த்துக்கொண்டிருக்கும். அறிவிப்பை அந்தப் பெயரின் முதல் பயன்பாட்டுக்கு மேலே கொண்டுபோய் வையுங்கள்.